பி. வைஜயந்தி, பூனா

"மேடம், தப்பா நெனச்சுக்காதேங்கோ. இந்த ஃபைல் உங்க கம்பெனியோடது இல்லை. யாரோ எழுதினதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கேள்," என்றார் ரங்கராஜன்.

வைஜயந்தி திரையை எட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் கம்பெனியின் ஃபைல், வலப்பக்கம் அவர் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்த ஃபைல். இரண்டும் வரிக்கு வரி ஒன்றுதான். வித்தியாசம் தலையில் மட்டும். வலப்பக்கத்து ஃபைலின் உச்சியில் ஒரு உரிமை வாசகமும், அதற்குக் கீழே பி. வைஜயந்தி, பூனா, 1996 என்ற வரியும் இருந்தன. இடப்பக்கத்து ஃபைல் திருப்பதி போய் வந்ததுபோல மொட்டையாக நின்றது.

"அந்த யாரோ நான்தான்," என்றாள்.

ரங்கராஜன் சென்னையிலிருந்து வந்திருந்த வக்கீல். பூனாவை ஒட்டிய போசரியில் இருந்த பாபட் கண்ட்ரோல்ஸை ஒரு ஜெர்மன் கம்பெனி விலைக்கு வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. வாங்குவதற்கு முன் அதன் மென்பொருளின் குலம் கோத்திரம் விசாரித்துச் சொல்ல அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் கையில் இருந்த பட்டியலில் அவள் பெயர் வைஜயந்தி ஸ்ரீநிவாசன். அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தமிழர் அல்லவா, அரை நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா பேரு?"

"பட்டாபிராமன். தொண்ணூத்தி ஏழுல கல்யாணம் ஆச்சு. இனிஷியல் மாறிடுத்து."

"ஓ," என்றார் அவர். அதோடு விவகாரம் முடிந்தது என்று வைஜயந்தி நினைத்தாள். பாவம், அவளுக்கு வக்கீல்களோடு பழக்கம் கிடையாது.

பாபட் கண்ட்ரோல்ஸ் செய்வது ஒரே ஒரு பொருள். இரும்புச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலைகளை நடத்துகிற பெட்டி. எந்த நேரத்தில் காற்றூதி ஓட வேண்டும், எவ்வளவு நேரம் சூடு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். போசரியிலும் சின்ச்வடிலும் பாதி உலைகள் அதை நம்பித்தான் எரிந்தன. பெட்டியின் முகத்தில் பெரிய எழுத்தில் முதலாளியின் பெயர், பாபட் என்று இருக்கும். அவர் எழுதாத பெட்டி, அவர் பெயரில். அதைப் பற்றி வைஜயந்திக்குப் புகார் இல்லை. முதல் போட்டவர் அவர், கடன் வாங்கியவர் அவர்.

பெட்டிக்குள் ஓடிய இயங்குதளமோ கம்பெனி எழுதியதே இல்லை. அது யூனிக்ஸ் வம்சம். அந்த வம்சத்தின் கதை நம் வீட்டுப் பாகப்பிரிவினைகளுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. அமெரிக்காவில் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அதை வாங்கி, மேலே அறை அறையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் மூல வீட்டை விடக் கட்டிய பகுதி பெரிதாகிவிட்டது. பி.எஸ்.டி. என்று பெயர் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கொடுத்ததும் வந்தது வழக்கு. இது எங்கள் சொத்து என்றது அந்தப் பக்கம். எங்கள் வரிகளை எடுத்துக்கொண்டு எங்கள் பெயரை விட்டுவிட்டீர்கள் என்றது இந்தப் பக்கம். தொண்ணூற்று நான்கில் சமாதானமானபோது, அத்தனை ஆயிரம் ஃபைல்களில் விரல் விட்டு எண்ணுகிற அளவு ஃபைல்களை நீக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஃபைல்களின் தலையில் உரியவர் பெயரை எழுதினார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பி.எஸ்.டி.யின் பிள்ளைகள் எல்லாமே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயின. விற்கலாம், மாற்றலாம், பெட்டிக்குள் பூட்டியும் வைக்கலாம். காசு வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஒரே நிபந்தனை, தலையில் இருக்கும் பெயரையும் வாசகத்தையும் எடுக்கக் கூடாது.

இதைவிடச் சல்லிசான நிபந்தனை உலகத்தில் உண்டா? அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை நம்மவர்களால்.

வைஜயந்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெட்டிகள் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் படுத்துக்கொண்டன. மற்ற நாள் ஒழுங்காக இருக்கும். வியாழக்கிழமை அந்தத் தொழிற்பேட்டைக்கு விடுமுறை, மின்வாரியமும் அன்றுதான் லைனை அணைத்துப் பழுது பார்க்கும். மறுநாள் காலை மின்சாரம் திரும்பியதும் பெட்டி தனக்குள் இருக்கும் சின்ன பேட்டரிக் கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்துக்கொள்ளும். பிறகு ஆலையின் பெரிய கம்ப்யூட்டரிடம் சரியான மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். பேட்டரிக் கடிகாரம் வேகமாக ஓடியிருந்தால், திருத்தும்போது நேரம் பின்னால் போகும். அந்த இடத்தில்தான் குழப்பம். ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய வேலை, தன் முறை வந்து போய்விட்டது என்று எண்ணி மறுபடி தூங்கிவிடும். உலை தயாராக நிற்கும், காற்றூதி சும்மா கிடக்கும். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவன் ஊரில் வாராவாரம் கரண்ட் போகிறதா என்ன?

பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவள்தான் கண்டுபிடித்தாள். கடிகாரத்தைக் கவனிக்கிற அந்த ஃபைலையே பெரும்பாலும் புதிதாக எழுதினாள். ஆனால் பி.எஸ்.டி.யின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் தன் வேலையை மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. அதனால், மூலத்துக்கே அனுப்பிவிட்டால் அவர்களே சுமந்துகொள்வார்களே என்று பாபட்டிடம் கேட்டாள். அவர் டீ உறிஞ்சிக்கொண்டே, "பாட்டவ் கீ, ஆப்லா காய் ஜாத்தய்?" என்றார். அனுப்பேன், நமக்கு என்ன போகிறது என்று மராத்தியில் சொன்ன அந்த ஒரு வரிதான் அனுமதி. காகிதம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் காகிதம் கேட்டார்கள்?

அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அவள் பெயரோடு, அவள் எழுதிய விளக்கத்தோடு. "பூனாவில் வியாழக்கிழமை மின்சாரம் நிற்கும். வெள்ளிக்கிழமை காலை நேரம் பின்னால் போகும். ஆகவே இந்தத் திருத்தம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எட்டு வருஷம் அந்தக் கம்பெனியில் உழைத்ததில் அவள் பெயர் பதிந்த இடம் அது ஒன்றுதான். யாருக்கும் காட்டியதில்லை. ஆனால் எப்போதாவது மனம் சோர்ந்தால் இணையத்தில் அந்த ஃபைலைத் திறந்து தலையைப் பார்த்துவிட்டு மூடுவாள்.

கம்பெனியின் ஃபைல் மொட்டையான கதை வேறு. தசராவுக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. மிஷின், ஸ்க்ரூட்ரைவர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து, செண்டுமல்லி மாலை போடுவது வழக்கம். பாபட் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். வெளியே மட்டும் துடைத்தால் போதுமா, உள்ளேயும் துடையுங்கள் என்று, பூஜைக்கு முன் எல்லோரும் தங்கள் நிரல்களில் இருக்கும் பழைய குப்பையை நீக்க வேண்டும் என்று விதி வைத்தார். பயன்படாத வரி, பழைய குறிப்பு, செத்த பகுதி எல்லாம் போய்விடும். நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டாயிரத்து இரண்டில் அபினவ் சேர்ந்திருந்தான். கோந்த்வாவில் வளர்ந்த தமிழ்ப் பையன், கெட்டிக்காரன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து துடைப்பானேன் என்று ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லா ஃபைல்களின் தலையிலும் இருந்த ஆங்கில வாசகத்தை ஒரே வீச்சில் வழித்துவிட்டான். தெரியாத ஊர் ஆட்களின் பெயர் எதற்கு என்று நினைத்திருக்கிறான். பாபட் அன்று அவனுக்கு இரண்டு பேடா அதிகம் கொடுத்தார். வைஜயந்தி அப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"பெயர்களைத் திருப்பிப் போட்டுட்டாப் போச்சு. ஒரு நாள் வேலை," என்றாள் வைஜயந்தி.

இது பாபட்டின் அறையில். ரங்கராஜன் தலையை ஆட்டினார். "அவ்வளவு சுலபம் இல்லை. மென்பொருள் பூரா எங்க சொந்தம்னு பாபட் சார் ஏற்கனவே எழுதிக் குடுத்துட்டார். இப்போ ஊர்ப்பட்ட பேரைத் தலையில போட்டா, எழுதிக் குடுத்தது பொய்யாயிடும். அமெரிக்காவுல ஒரு கம்பெனி லினக்ஸ்ல எங்க வரி இருக்குன்னு கேஸ் போட்டுண்டிருக்கற நேரம் இது. ஜெர்மன்காரா பயந்து கிடக்கா."

"சரி, மத்த ஃபைலுக்கு என்ன பண்ணப் போறேள்?"

"அதெல்லாம் வேற தளம் வாங்கி மாத்திடலாம்னு பேசியாச்சு. இந்தக் கடிகார ஃபைல்தான் தொண்டையில மாட்டின முள்ளு. இது உங்களோடதுன்னு நீங்க நிரூபிச்சா, கம்பெனிச் சொத்தை அனுமதியில்லாம வெளியில குடுத்தவா நீங்கன்னு ஆகும். உங்களோடது இல்லேன்னா, கம்பெனி திருடினதா ஆகும்."

"அனுமதி கேட்டேனே. சார்தான் அனுப்பச் சொன்னார்." அவள் பாபட்டைப் பார்த்தாள். மராத்தியில் அதையே சொன்னாள்.

பாபட் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். "மலா ஆட்வத் நாஹி," என்றார். ஞாபகம் இல்லையாம். ஏழாவது வயதில் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் முதற்கொண்டு ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன்.

வைஜயந்திக்குக் காது மடல் சுட்டது.

ரங்கராஜன் தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "நான் ஒரு வழி சொல்றேன். ஜெர்மனியில உக்காந்திருக்கறவாளுக்கு நம்ம இனிஷியல் சமாச்சாரம் தெரியாது. அவாளுக்கு பி. வைஜயந்தி ஒருத்தர், வைஜயந்தி ஸ்ரீநிவாசன் இன்னொருத்தர். ரெண்டு பேராவே இருக்கட்டும். நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அந்த ஃபைலைத் தூக்கிட்டு, பார்க்காதவா யாராவது புதுசா எழுதிடட்டும்."

"நான் எழுதித் தரேனே. அடுத்த வாரமே."

"நீங்க எழுதவே கூடாது. உங்க மண்டையில பழசு இருக்கு."

அவள் மண்டையில் இருப்பது அவளுடையது என்று இவருக்கு எந்த மொழியில் சொல்வது?

நிக்டியில் வீட்டுக்கு வந்து கணவர் ஸ்ரீநிவாசனிடம் கொட்டித் தீர்த்தாள். பாங்க் உத்தியோகம் பார்க்கிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பெனி வித்துப் போனா அத்தனை பேருக்கும் வேலை நிலைக்கும். போகலேன்னா பாபட் இழுத்து மூடிடுவார். ஒரு பேருக்காக நீ ஏன் மல்லுக்கு நிக்கணும்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஸ்ரீநிவாசன் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

புது ஃபைலை எழுத அபினவ் தனி அறைக்குப் போனான். அவன் அந்த ஃபைலின் தலையை வழித்தவன்தான், ஆனால் உடம்பைப் படித்ததில்லை என்று எழுதிக் கொடுத்தான். படிக்காதது அவனுக்குத் தகுதியாகிவிட்டது. ஃபைல் என்ன செய்ய வேண்டும் என்று வைஜயந்தி எழுதித் தரலாம், எப்படி என்று மூச்சு விடக் கூடாது. எழுதுவதையும் ரங்கராஜன் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார். அவள் எழுதியதில் ஒரு வரியை அவர் சிவப்பு மையால் அடித்தார். நேரம் பின்னால் போகக்கூடும், போனாலும் காத்திருக்கும் வேலை தவறக் கூடாது என்ற வரி.

"இது இல்லேன்னா மத்த எல்லாம் வீண்," என்றாள்.

"இது அந்த ஃபைல்ல வார்த்தைக்கு வார்த்தை இருக்கு மேடம். இதைச் சொன்னா கழுவின கை மறுபடி அழுக்காயிடும்."

"அப்போ வெள்ளிக்கிழமை நீங்களே போய் உலையை ஊதுங்கோ."

அவர் சிரித்தார். கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் அபினவ் டீக்கடை வாசலில் அவளைப் பிடித்தான். "மேடம், கடிகாரம்... ஏதோ மிஸ் ஆகுதுன்னு தோணுது. க்யா ஹை, சொல்ல முடியாதா?" என்றான். அவன் தமிழும் ஹிந்தியும் கலந்து திணறுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அவன் கையும் அழுக்கு, மறுபடி முதலிலிருந்து வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். "டீயைக் குடி," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

புதுப் பெட்டி சோதனையில் தேறியது. சோதனை அறையில் யூ.பி.எஸ். இருந்தது. அங்கே கரண்ட் போனால் யாருக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது. ஃபைலின் தலையில் பாபட் கண்ட்ரோல்ஸ் என்று புதிதாகப் போட்டு, ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் புதன்கிழமை கொண்டுபோய் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று. ரங்கராஜன் நல்ல சூட் போட்டு வந்தார். பாபட் மேஜையில் பேடா பெட்டி.

போன் அடித்தது. ஆலையின் பராமரிப்பு மேலாளர் லக்ஷ்மிநாராயணன். பாபட் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார், புதுப் பெட்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வரும், வக்கீல் கேட்கட்டும் என்று. லக்ஷ்மிநாராயணன் பாபட்டுக்கு ஒரு நமஸ்கார் சொல்லிவிட்டு, வைஜயந்தி மேடம் இருக்கிறார்களா என்று கேட்டு, தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், காலைல கரண்ட் வந்ததுலேந்து நாலு உலையும் நிக்குதுங்க. காத்தூதி எழும்பவே இல்ல. பழைய பெட்டில இந்தத் தொல்லையே கிடையாதே."

"தெரியும் சார்."

"நம்ம கம்ப்யூட்டர் பையன் நெட்ல பூனா, வியாழக்கிழமை, கரண்ட் அப்படின்னு என்னத்தையோ போட்டுத் தேடினான். அப்படியே நம்ம கதை வந்து விழுந்துச்சுங்க. யாரோ இதே தொல்லையைப் பட்டு, பல வருஷத்துக்கு முன்னாடியே சரிபண்ணி வச்சிருக்காங்க. பி. வைஜயந்தின்னு போட்டிருக்கு, நம்ம ஊர்தான். உங்க பேராவும் இருக்கு. உங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

பாபட் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரங்கராஜனுக்குப் புரிந்தது. உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்பதுபோல அவளைப் பார்த்தார். கதவருகில் அபினவ் நின்றிருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் மேஜையில் விரித்தபடி கிடந்தது. இத்தனை பேர் வேலை, பாபட்டின் கடன், ஸ்ரீநிவாசன் சொன்னது எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. நாலு உலையும் ஆறிப்போய் நிற்பதும் ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அந்தப் பிழையைக் கொன்று புதைத்தது அவள்தான். இவர்கள் அதைத் தோண்டி எடுத்து, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"சொந்தம் இல்லை சார். நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி."

"அட, நீங்களேவா?"

"காய் ம்ஹண்தேய் தீ?" என்றார் பாபட் ரங்கராஜனிடம். அவள் என்ன சொல்கிறாள்?

ரங்கராஜன் விரித்திருந்த காகிதத்தை மடித்துத் தன் கைப்பெட்டிக்குள் வைத்தார். "தோனோ ஏக் ஹீ ஹை," என்றார் ஹிந்தியில். இரண்டு பேரும் ஒருவர்தான். அப்புறம் வைஜயந்தியிடம் தமிழில் கேட்டார். "ஜெர்மனிக்கு நான் என்னன்னு எழுதறது?"

"நடந்ததை எழுதுங்கோ. அந்த ஃபைலை யார் வேணா எடுத்துக்கலாம், நம்ம கம்பெனியும் எடுத்துக்கலாம்னு எழுதுங்கோ. வாங்கறவா வாங்கட்டும்."

பாபட் அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. வேலை போகலாம். திங்கட்கிழமை இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். பயமாகத்தான் இருந்தது.

போனில் லக்ஷ்மிநாராயணன் இன்னும் காத்திருந்தார். "அதை நம்ம பெட்டில போட்டுக் குடுப்பீங்களா மேடம்?"

"மத்தியானத்துக்குள்ள வரும் சார்," என்று சொல்லிவிட்டு, அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "அபினவ், போய் அந்த ஃபைலை இறக்கு."

அவன் நகராமல் நின்றான். "மேலே இருக்கற பேரும் சேர்த்தா, மேடம்?"

"அதை மட்டும் தொடாதே," என்றாள் வைஜயந்தி.